களிமண்ணும் இறப்பரும்: கலக்கும் முறையில் உள்ள சூட்சுமம்

மன்னார் மாவட்டத்தின் முருங்கன் பகுதியில் கட்டுக்கரைக்குளத்து நீர் பாயும் வயல்களை அறிந்தவர்களுக்கு அங்குள்ள கருங்களியைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. மாரியில் அது காலைக் கவ்விப் பிடிக்கும், மண்வெட்டியை விடாது. கோடையில் அதே மண் கை நுழையும் அளவிற்கு வெடித்துப் பிளந்து கிடக்கும். காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை இயங்கிய காலத்தில் சீமெந்து செய்வதற்கு முருங்கன் களியே கொண்டுசெல்லப்பட்டது. தண்ணீரைக் குடித்து ஊதுவதும் காய்ந்ததும் சுருங்குவதுமாகிய இக்குணம் விவசாயிக்குத் தொல்லையானது. இறப்பர் ஆராய்ச்சியாளருக்கோ கடந்த முப்பது ஆண்டுகளுக்கு மேலாக மிகுந்த ஆர்வத்தை ஊட்டிவரும் குணம் இதுவேயாகும்.

"களிமண் சேர்த்தால் இறப்பர் பலக்கும்" என்ற செய்தி இப்போது பல இடங்களிற் பேசப்படுகின்றது. அது பாதி உண்மை. மற்றப் பாதியை அறியாமல் அச்செய்தியை நம்பினால் நட்டமடையப்போகிறவர்கள் களுத்துறை, கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களிற் பால் வெட்டிச் சீற் அடிக்கும் சிறுதோட்டக்காரரும், சிறு அளவில் இறப்பர்ப் பொருட்கள் செய்யும் தொழிலாளருமே. ஆகவே இப்பாடத்தில் அந்த மற்றப் பாதியைச் சற்று விரிவாக நோக்குவோம்.

நிரப்பியும் பலமூட்டியும்

தனி இறப்பரில் செய்த பொருள் மென்மையாக இருக்கும், எளிதில் தேயும். ஆகவே தொழிற்சாலைகளில் அதனுடன் ஏதாவதொரு தூளைச் சேர்க்கிறார்கள். எவ்வளவு சேர்ப்பது என்பதை இறப்பர்க்காரர் எப்போதும் "இறப்பர் 100 பங்குக்கு இத்தனை பங்கு" என்றே கணக்கிடுவர். இக்கட்டுரையிலும் பங்கு என்று வருமிடமெல்லாம் இக்கணக்கே கொள்ளப்படவேண்டும். ரயரில் 50 பங்களவில் காபன் பிளாக் என்னும் நுண்ணிய கரித்தூள் போடப்படுகின்றது. இது பெற்றோலிய எண்ணெயிலிருந்து செய்யப்படுவது. நமது நாட்டிற்கு இறக்குமதியாவது. சேர்த்த பொருளைக் கறுப்பாக்குவது. வெள்ளை அல்லது நிறப் பொருட்களுக்கு அது உதவாது.

களியும் இறப்பருக்குப் புதியதல்ல. பொரலஸ்கமுவையிலும் மீற்றியாகொடையிலும் தோண்டப்படும் வெண்களி, அதாவது கயோலின், பீங்கான் தொழிலுக்குப் பயன்படுவதை அறிவோம். உலகின் பல நாடுகளிலும் கயோலின் நெடுங்காலமாக இறப்பர்ப் பாய்கள், செருப்பின் அடிகள் முதலியவற்றில் 50 பங்கு, சிலவேளை அதற்கும் கூடுதலாகப் போடப்படுகின்றது. இதனாற் பொருளின் நிறை கூடும், விலை குறையும், ஓரளவு விறைப்பும் ஏற்படும். ஆனால் இங்கு களி பெரும்பாலும் இடத்தை நிரப்பும் வேலையையே செய்கின்றது. நாம் பேசவந்த நனோக் களியோ 5 பங்கு, மிஞ்சினால் 10 பங்குதான். அவ்வளவு சிறிய அளவு எப்படிப் பலமூட்டும்?

விடை களியின் அமைப்பில் உள்ளது. முருங்கன் களியைப்போல ஊதும் களிகளில் உள்ள முக்கிய கனியம் மொன்ற்மொறிலனைற்று எனப்படும். அதன் ஒவ்வொரு துணிக்கையும் மிக மெல்லிய தட்டுகள் பல அடுக்கப்பட்ட கட்டு. ஒரு தட்டின் தடிப்பு ஏறத்தாழ 1 நனோமீற்றர், அதாவது ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சமாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு. அகலமோ தடிப்பைப்போல நூறு மடங்கு முதல் பல நூறு மடங்கு வரை. தட்டுகள் மறையேற்றம் உடையவை. அவற்றின் இடைவெளிகளிற் சோடியம், கல்சியம் போன்ற நேரேற்ற அயன்கள் இருந்து கட்டைப் பிணைக்கின்றன. தண்ணீர் இந்த இடைவெளிகளிற் புகுவதனாலேயே களி ஊதுகின்றது. வெண்களியும் தட்டடுக்குத்தான். ஆனால் அதன் தட்டுகள் ஒன்றோடொன்று ஐதரசன் பிணைப்பினால் இறுகப் பற்றியுள்ளன. தண்ணீர் உள்ளே போகாது. முன்னது நூல் கட்டிய ஏட்டுச் சுவடி. நூலை அவிழ்த்தால் ஏடுகள் பிரியும். பின்னது பசை போட்டு ஒட்டிய சுவடி.

ஒரு கிராம் மொன்ற்மொறிலனைற்றின் தட்டுகளையெல்லாம் தனித்தனியே பிரித்து இரு பக்கங்களையும் அளந்தால் 750 சதுர மீற்றரளவு பரப்பு வரும். பதினாறு பரப்பு ஓர் ஏக்கர் என்ற நமது காணிக் கணக்கில் இது மூன்று பரப்பு! இறப்பரைத் தொட்டுப் பிடிக்க இவ்வளவு பரப்பு கிடைப்பதனாலேயே ஐந்து பங்கு போதுமாகின்றது. ஆனால் கட்டு பிரியாவிட்டால் இப்பரப்பு முழுவதும் உள்ளேயே பூட்டப்பட்டுக் கிடக்கும். அப்போது விலைகூடிய நனோக் களியும் சாதாரண நிரப்பியே.

இதை உலகிற்கு முதலில் எடுத்துக்காட்டியவர்கள் ஜப்பானின் ரொயோட்டா நிறுவன ஆராய்ச்சிக்கூடத்தினர். 1980களின் பிற்பகுதியில் அவர்கள் நைலோனில் நூற்றுக்கு ஐந்துக்கும் குறைவான களியைத் தட்டுத் தட்டாகப் பிரித்துச் சேர்த்தார்கள். பாரத்தின் கீழ் அந்த நைலோன் வளைந்துகொடுக்கும் வெப்பநிலை ஏறத்தாழ 65 பாகை செல்சியசிலிருந்து 145 பாகைக்கு மேல் உயர்ந்தது. அதன் பின்னரே இறப்பர் ஆராய்ச்சியாளரின் கவனமும் இப்பக்கம் திரும்பியது.

பாலிலேயே கலத்தல்

நைலோனை விட இறப்பரில் இவ்வேலை கடினமானது. களி தண்ணீரை விரும்புவது. இறப்பர் எண்ணெய்க் குணமுடையது, தண்ணீரை வெறுப்பது. உலர்ந்த இறப்பரில் உலர்ந்த களித்தூளைப் போட்டு எத்தனை முறை உருளைகளுக்கிடையே விட்டாலும் தட்டுகளின் இடைவெளிக்குள் இறப்பர் மூலக்கூறு நுழைவதில்லை. ஆனால் மரத்திலிருந்து வடியும்போது இறப்பர் தண்ணீரிலேயே இருக்கின்றது! பாலில் உள்ள இறப்பர்த் துணிக்கைகள் பெரும்பாலும் ஒரு மைக்குரோமீற்றரிலும் சிறியவை. புரதப் போர்வையுடன், மறையேற்றத்துடன் தண்ணீரில் மிதப்பவை. களித் தட்டுகளும் தண்ணீரிற் பிரிந்து, மறையேற்றத்துடன் மிதப்பவை. இரண்டையும் தண்ணீரிலேயே சந்திக்கவைத்தால் என்ன என்பதே பால்முறையின் அடிப்படை. இறப்பர் விளையும் நாட்டவர்களாகிய எமக்கு இதில் இயற்கையான ஒரு வசதி உண்டு. செயற்கை இறப்பரைச் சிப்பங்களாக வாங்கும் நாடுகள் பல இதைச் செய்ய முடியாது.

கணக்கொன்று பார்ப்போம். மையநீக்கஞ் செய்து செறிவாக்கிய பாலில் நூற்றுக்கு அறுபது இறப்பர். ஆகவே 100 கிராம் உலர் இறப்பருக்கு 167 கிராம் பால் வேண்டும். இதற்கு 5 பங்கு களி சேர்ப்பதாயின், களியை நூற்றுக்கு இரண்டு வீதத்திற் கரைத்த நீர் 250 கிராம் தேவை. ஏன் இவ்வளவு ஐதாகக் கரைக்கவேண்டும்? கூடுதலாகப் போட்டாற் களிநீர் கூழாகி இறுகிவிடும். தட்டுகள் பிரிய இடமிராது. இப்போது மொத்தக் கலவை 417 கிராம். அதில் இறப்பரும் களியும் 105 கிராம். மீதி 312 கிராமும் உலர்த்தி அகற்றப்படவேண்டிய நீர். களியைப் பத்துப் பங்காக்கினால் நீரின் அளவு இன்னும் ஏறும். பால்முறையின் செலவு முழுவதும் பெரும்பாலும் இந்த நீரில்தான் உள்ளது. விறகோ மின்சாரமோ எதுவாயினும் அதைக் கணக்கிற் சேர்க்காமல் "களி மலிவு" என்று சொல்வது சரியன்று.

களியைப் பல மணிநேரம் கலக்கி, ஓர் இரவு வைத்து, அடியிற் படியும் மணலையும் கரடுமுரடான துணிக்கைகளையும் விட்டு, மேல்நீரையே எடுக்கவேண்டும். இயற்கையிற் கிடைக்கும் ஊதுகளிகள் பெரும்பாலும் கல்சியம் கூடியவை. கல்சியத்திற்கு இரண்டு ஏற்றம். அது இரு தட்டுகளையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும், முழுமையாகப் பிரியவிடாது. ஆகவே சலவைச் சோடா சேர்த்துக் கல்சியத்தை நீக்கிச் சோடியத்தை ஏற்றுகிறார்கள். இந்த ஒரு படியைத் தவறவிட்டாற் பின்னர் செய்யும் எதனாலும் அதை ஈடுசெய்ய முடியாது.

பின்னர் களிநீரை மெதுவாகப் பாலிற் சேர்த்துக் கலக்கவேண்டும். இங்கு தேத்தாங்கொட்டையை நினைவுகூர்வது நன்று. கலங்கிய கிணற்றுநீர் தெளிய, பானையின் உட்புறத்தில் தேத்தாங்கொட்டையை உரைத்து வைப்பது நமது பழைய வழக்கம். மிதந்துகொண்டிருந்த களித் துணிக்கைகள் ஒன்றுகூடிப் பாரமாகிக் கீழே படியும். படிகாரமும் அதையே செய்யும்; ஒரு பிடி கறியுப்பும் ஓரளவிற்குச் செய்யும். குடிநீருக்கு இது நன்மை. இறப்பருக்கோ இதுவே கேடு. பிரித்த தட்டுகள் பாலைச் சந்திக்குமுன்னரே மீண்டும் ஒன்றுகூடிவிட்டால் அதுவரை பட்ட பாடெல்லாம் வீண். உவர் நீரிற் களி கரைப்பதும், அமிலத்தை முந்திச் சேர்ப்பதும், நாக ஒட்சைட்டு முதலிய மருந்துகளை நன்றாக அரைக்காமல் ஒரேயடியாகக் கொட்டுவதும் இந்த விளைவையே தரும்.

அடுத்த கேள்வி, தண்ணீரை எப்படி அகற்றுவது என்பது. ஒரு வழி, கலவையை மெல்லிய படலமாக ஊற்றிக் காயவிடுவது. கையுறை, பலூன் போன்றவற்றிற்கு இது பொருந்தும். தண்ணீர் குறையக் குறைய இறப்பர்த் துணிக்கைகள் நெருங்கிவரும். அவற்றின் இடுக்குகளிற் களித் தட்டுகள் நெருக்குண்டு நிற்கும். வயற் பாத்திகளைச் சுற்றி வரம்பு கட்டியதுபோல இறப்பரைச் சுற்றிக் களி வலை ஒன்று உருவாகின்றது. படலத்திற்கு விறைப்பைத் தருவது பெரும்பாலும் இந்த வலையே. காய்ந்த படலத்தை எடுத்து மீண்டும் உருளையில் அரைத்தால் வரம்புகள் உடைந்துபோகும்.

மற்ற வழி, அமிலத்தினாலோ கல்சியம் உப்பினாலோ பாலைக் கட்டியாக்குவது. பெய்ஜிங் இரசாயனத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தினர் 2000ஆம் ஆண்டளவிற் செயற்கை இறப்பர்ப் பாலில் இதனைச் செய்து வெளியிட்டார்கள். இதிற் கவனிக்கவேண்டியது வேகம். பால் ஒரே நொடியில் உறைந்தால் தட்டுகள் நின்ற நின்ற இடத்திலேயே சிறைப்படும். ஆறுதலாக உறைந்தால் களி களியைத் தேடிச் சேர நேரம் கிடைத்துவிடும். சீற் அடிப்பதற்குத் தட்டத்திற் பாலை ஊற்றி மணிக்கணக்கில் உறையவிடும் நமது வழக்கமான முறை இதற்கு ஏற்றதன்று.

உருளையிற் கலத்தல்

உலர் இறப்பரில் சேர்ப்பதாயின் களியின் குணத்தையே முதலில் மாற்றவேண்டும். தட்டுகளுக்கிடையே உள்ள சோடியத்தை எடுத்துவிட்டு, நீண்ட எண்ணெய் வாலுடைய அமோனியம் உப்பொன்றை அங்கே இருத்துகிறார்கள். 1.2 நனோமீற்றரளவில் இருந்த அடுக்குத் தூரம் 2 தொடக்கம் 4 நனோமீற்றர் வரை விரியும். உட்புறம் எண்ணெய்க் குணம் பெறும். கடைகளில் "நனோக் களி" என விற்கப்படும் தூள் பெரும்பாலும் இதுவே. விலை கூடியதும் இதனாலேயே.

இத்தூளை இரட்டை உருளையிலோ மூடிய கலவை இயந்திரத்திலோ சேர்க்கும்போது தட்டுகளை இழுத்துப் பிரிப்பது இறப்பரின் இழுவிசையாகும். இறப்பர் தடிப்பாக இருக்கும்போதுதான் இழுவை உண்டு. உருளை சூடேறினால் இறப்பர் இளகும்; இளகினால் வழுக்கும்; வழுக்கினாற் களிக் கட்டுகள் அப்படியே உள்ளே அமர்ந்துவிடும். அதற்காகக் குளிர்ந்த உருளையில் நெடுநேரம் அரைப்பதும் பிழை. அப்போது இறப்பரின் நீண்ட மூலக்கூறுகளே அறுந்து பலம் குறையும். அனுபவமுள்ள உருளைத் தொழிலாளி கையினால் உணரும் இந்த நடுநிலையைச் சூத்திரமாக எழுதித் தருவது கடினம். ஒவ்வோர் இயந்திரத்திற்கும் அது வேறுபடும்.

கலவைக் குறிப்பு

செய்முறை சரியாக இருந்தும் கலவைக் குறிப்பு பிழைத்தால் விளைவு பிழைக்கும். குறிப்பாகக் கந்தகம் சேர்த்து வல்கனைசுப்படுத்தும் கட்டத்தில் களி சும்மா இருப்பதில்லை. பதப்படுத்தாத களியின் பரப்பு விரைவாக்கி மருந்துகளை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், வல்கனைசாக்கம் தாமதிக்கும். அமோனியம் உப்பேற்றிய களியோ நேர்மாறானது. அமைன்கள் தாமே விரைவாக்கிகளாதலால் வல்கனைசாக்கம் துரிதப்படும். பழைய குறிப்பை அப்படியே வைத்துக்கொண்டு களியை மாத்திரம் சேர்ப்பவர் அச்சில் இடுமுன்பே கலவை இறுகுவதைக் காண்பார். விரைவாக்கியைக் குறைத்து நேரத்தை மீண்டும் அளந்து கொள்ளவேண்டும்.

இதிலும் நுட்பமான இன்னொரு சங்கதி உண்டு. நாகமும் கந்தகமும் விரைவாக்கியும் சேர்ந்து வேலைசெய்யும்போது, களியின் இடைவெளியில் இருத்திய அமைனைச் சிலவேளை வெளியே இழுத்துவிடும். நாம் பாடுபட்டுத் திறந்த தட்டுகள் அச்சின் சூட்டிலேயே மீண்டும் மூடிக்கொள்ளும். கலந்த மாவைச் சோதித்துத் திருப்தியடைவது போதாது. வெந்து முடிந்த பொருளையே சோதிக்கவேண்டும் என்பது இதனாற்றான்.

இறப்பருக்கும் களிக்கும் இடையே தூதாக நிற்கும் பொருளொன்றைச் சேர்ப்பதும் உண்டு. இறப்பர் மூலக்கூறில் ஆங்காங்கே ஒட்சிசன் ஏற்றிய எப்பொக்சி இறப்பர் இதற்குப் பெயர்பெற்றது. அளவைப் பொறுத்தவரை, பத்துப் பங்குக்கு மேற் போனால் பெரும்பாலும் தட்டுகள் திரளத் தொடங்கிவிடும். திரளை உள்ள இடத்தில்தான் பொருள் கிழியவும் தொடங்கும்.

2003இல் வெளியான வர்கீஸ், கார்கர் கொச்சிஸ் ஆகிய இருவரின் ஆய்வு இவ்விடயத்தைத் தெளிவாக்குகின்றது. இயற்கை இறப்பர்ப் பாலிற் சம அளவாக, நூற்றுக்குப் பத்து வீதம், மூவகைக் களிகளை அவர்கள் தனித்தனியே சேர்த்தார்கள்: இயற்கைப் பெந்தனைற்று, செயற்கையாகச் செய்த ஊதுகளி, வழமையான வணிகக் களி. செயற்கை ஊதுகளி சிறந்த பலனைத் தந்தது. வணிகக் களி பின்தங்கியது. சேர்த்த அளவு மூன்றிலும் ஒன்றே. தட்டுகள் எவ்வளவு பிரிந்து வலையாக நின்றன என்பதிலேயே வித்தியாசம்.

எந்தப் பலம்?

இயற்கை இறப்பர் இழுபடும்போது அதன் மூலக்கூறுகள் தாமே ஒழுங்காகப் படிந்து பளிங்காகும் இயல்புடையன. ஆகவே நிரப்பி எதுவும் இல்லாமலே அதன் இழுவைப் பலம் அதிகம். களியினால் அது பெரிதாக உயரும் என எதிர்பார்க்கலாகாது. உயர்வது விறைப்பு, கிழிவுக்கு எதிரான பலம், எல்லாவற்றிலும் மேலாகக் காற்றுக் கசியாத் தன்மை. கிடுகு வேய்ந்த கூரையைப் பாருங்கள். ஒன்றின்மேல் ஒன்று படியப் பரப்பிய கிடுகுகள் மழையைத் தடுக்கின்றன. அதே எண்ணிக்கையான கிடுகுகளைக் கூரையின் ஒரு மூலையிற் குவித்துவைத்தால் வீடு ஒழுகும். பரவிய தட்டுகளைச் சுற்றிச் சுற்றியே காற்று வெளியேற வேண்டியிருப்பதால் அது தாமதமாகின்றது. 2000களின் தொடக்கத்தில் வில்சன் நிறுவனம் ரென்னிஸ் பந்தின் உட்புறத்தில் பியூற்றைல் இறப்பருடன் வெர்மிக்குலைற்றுத் தட்டுகள் சேர்ந்த மெல்லிய பூச்சொன்றைப் பூசி விற்பனைக்கு விட்டது. பந்தின் அழுத்தம் நீண்டநாள் நின்றது. அதுவும் தண்ணீரில் கலந்து பூசிய பூச்சே என்பது குறிப்பிடத்தக்கது. தேய்மானத்தைப் பொறுத்தவரை காபன் பிளாக்கின் இடத்தைக் களி தனித்துப் பிடித்துவிடவில்லை.

சிறுதோட்டக்காரருக்கும் சிறு தொழிலாளருக்கும்

வயற் களியை அள்ளிக் கரைத்துப் பாலில் ஊற்றிச் சீற் அடிப்பது எவ்வகையிலும் கூடாது. சீற்றை வெளிச்சத்திற்கு எதிரே பிடித்துத் தரம் பிரிப்பவர் மண்ணைக் கண்ட மாத்திரத்தில் அதைக் கீழ்த்தரத்திற் போட்டுவிடுவார். அதைவிடப் பெரிய தீங்கு கண்ணுக்குத் தெரியாதது. மண்ணிலுள்ள செம்பும் மங்கனீசும் மிகச் சிறிய அளவில் இருந்தாலும் இறப்பரை விரைவிற் பழுதாக்கிப் பிசுபிசுக்க வைக்கும். ஆய்வுக்குரிய களி கழுவி, பிரித்து, சோதித்த களி.

பாடசாலைகளிற் செய்யக்கூடிய சோதனை ஒன்றுண்டு. இரு கண்ணாடிக் குவளைகளில் தண்ணீர் எடுத்து, ஒன்றில் உலர்த்திப் பொடித்த கருங்களியையும் மற்றதில் வெண்களியையும் ஒரு தேக்கரண்டி வீதம் சிறிது சிறிதாகத் தூவி ஒரு நாள் வையுங்கள். எது எவ்வளவு உயரத்திற்கு ஊதி நிற்கின்றது என அளந்து, பின்னர் கலக்கி, இரண்டிலும் கறியுப்பு இட்டு, தெளிய எடுக்கும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன பலவும் அக்குவளைகளிற் தெரியும்.

நனோக் களி விற்க வருபவரிடம் கையுறை அல்லது செருப்புச் செய்யும் சிறு தொழிற்சாலையினர் சில கேள்விகளைக் கேட்டுக்கொள்வது நன்று. இது பாலுக்குரிய சோடியக் களியா, உருளைக்குரிய உப்பேற்றிய களியா? செம்பு, மங்கனீசு எவ்வளவு? வல்கனைசு நேரத்தை எவ்வளவு மாற்றும்? எக்ஸ் கதிர்ப் படத்தில் அடுக்குகளுக்குரிய முகடு மறைந்துவிட்டது என்று அவர் காட்டக்கூடும். தட்டுகள் முற்றாகப் பிரிந்தமைக்கு அது மட்டும் சாட்சியாகாது. களி சொற்பமாக இருந்தாலும், அடுக்கு குழம்பியிருந்தாலும் முகடு மறையும். இலத்திரன் நுணுக்குக்காட்டிப் படமும் கூடவே வேண்டும். அதற்கு வசதியில்லாதவர் தமது சொந்தக் கலவையில் களி சேர்த்த தகடொன்றும் சேர்க்காத தகடொன்றும் செய்து, இரண்டிலும் பாதியை 70 பாகை செல்சியசு வெப்ப அடுப்பில் ஏழு நாட்கள் வைத்து, வைத்ததையும் வைக்காததையும் இழுத்தும் கிழித்தும் பார்த்த பின்னர் விலை பேசலாம்.